வீட்டில் ஓடும், ரோட்டில் நிற்கும்

மச்சான்,

என் ஆள்காட்டி விரலில் பெட்ரோல் வாசனையும் சந்தன வாசனையும் சேர்ந்து அடிக்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. போக வேண்டாம் என்றுதான் விரலை மூக்குக்குக் கிட்ட வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து, நெற்றியில் கோயில் சந்தனத்தோடு வந்து, வந்த கையோடு பானெட்டைத் திறந்து பெட்ரோலில் கையை நனைத்துக்கொள்வாயே, அப்போது உன் மேல் அடிக்கும் வாசனை இதுதான்.

நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று நீ கேட்க மாட்டாய். நம்ம காரில்தான். ஸ்டியரிங் பக்கம் நான். உன் சீட்டில் உன்னுடைய நீள ஸ்க்ரூடிரைவர். இடது பக்கம் ஒரு தூண், வலது பக்கம் ஒரு தூண், தலைக்கு மேலே ஏழு மாடி. பையன் தினேஷ் வானகரத்தில் வாங்கியிருக்கிற அடுக்கு மாடி வீட்டின் கார் நிறுத்தும் இடம் இது. மேலே போனால் உன் தங்கச்சி கஸ்தூரி, டிவி, பால்கனிக் கம்பி. கீழே வந்தால் இந்தத் தூண்கள். லிஃப்டில் ஏறுகிறேன், லிஃப்டில் இறங்குகிறேன். நடுவில் கேட்டுக்கு வெளியே கால் வைத்தால் வாட்ச்மேன், "எங்க தாத்தா போறீங்க?" என்கிறான். என்னைப் பார்த்து! ஆவடியிலிருந்து திருப்பதி வரைக்கும் பிரேக் பிடிக்காத வேனை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தவனைப் பார்த்து!

நீ இருந்தால் இந்த இடத்தில் குறுக்கே வந்திருப்பாய். "பிரேக் இருந்திச்சி மாப்ளே. ஆரன்தான் இல்ல" என்று.

சரி, ஆரன்தான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், கடிதம் எழுதிப் பழக்கமும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் வயிற்றுக்குள் கிடந்து அழுத்துகிறது. இதை உலகத்தில் உன் ஒருத்தனிடம்தான் சொல்ல முடியும்.

இந்த வண்டி நம்மிடம் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ஏதோ ஒரு கம்பெனியை மூடும்போது அதன் முற்றத்தில் அரச இலை மூடிக் கிடந்தது. பழைய ஜெர்மன் கார். ஒரு மந்திரி ஓட்டியது என்று நான் திருமுல்லைவாயில் முழுக்கச் சொன்னேன். "மேனேஜர்" என்று நீ பின்னாலேயே வந்து திருத்தினாய். கயிறு கட்டி இழுத்து வந்து எங்கள் வீட்டு ஷெட்டில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, இரண்டு பேரும் வாயைப் பிளந்தோம். பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரே இல்லை. அந்த இடத்தில் இரும்பில் ஒரு கிரீடம் மாதிரி என்னவோ உட்கார்ந்திருந்தது, அதிலிருந்து மெல்லிய குழாய்கள் நாலு பக்கமும் போயின. 

"இன்ஜெக்சன் மாப்ளே" என்றாய் நீ. "பின்னால பம்பு கீது. அது பெட்ரோல அழுத்தி அனுப்புது. இங்க வந்து ஊசி மாதிரி நாலு மூக்கு வழியா பீச்சுது. கம்ப்யூட்டர் கிடையாது, ஒண்ணும் கிடையாது. சுத்தமான மெக்கானிக்கல்."

அன்றைக்கு ராத்திரிக்குள் அந்த ஏரியாவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, சென்னையிலேயே இந்த இன்ஜெக்சனைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் முதல் ஆள் நான் என்று. அதுவரைக்கும் நாம் ஒரு நட்டைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

ஆனால் ஓட வைத்தோமே! நீ ஆவடியில் பீரங்கி வண்டி செய்கிற ஃபேக்டரியில் ஃபிட்டர், நான் வேன் ஓட்டியவன், இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளாகச் சேர்த்துச் சேர்த்து ஓட வைத்தோம். பெட்ரோல் டேங்க் மூடிதான் ஒரு தொல்லை. பூட்டுப் போட்ட மூடி, சாவி இல்லை. உடைத்துத்தான் எடுத்தோம். நீயே பட்டறையில் உட்கார்ந்து பித்தளையில் புது மூடி கடைந்து கொண்டுவந்தாய். தங்கக் காசு மாதிரி மின்னியது. நடுவில் ஊசி முனை அளவு ஓர் ஓட்டை. 

"ஓட்டை எதுக்கு மச்சான்? தண்ணி போவாது?"

"டேங்க் மூச்சு விடணும் மாப்ளே. பெட்ரோல் வெளிய போற அளவுக்கு காத்து உள்ள வரணும். இந்த வண்டில அதுக்குன்னு ஒரு டியூப் இருந்திச்சி. பெட்ரோல் நாத்தம் அடிக்குதுன்னு நீதான அத்த அடைக்கச் சொன்ன? அதான் மூடில ஓட்டை."

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கஸ்தூரி வண்டிக்கு மாலை போட்டாள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள், கண்ணாடியில், கதவில், பானெட்டில் எல்லாம் பொட்டு வைத்தாள். டேங்க் மூடியையும் விடவில்லை. அவள் அண்ணன் கையால் செய்துகொண்டு வந்ததல்லவா? "இதுக்குத்தான் மொத மரியாதி" என்று பக்கவாட்டில் இருக்கும் தகட்டைத் திறந்து, மூடிக்கு நட்ட நடுவில், நெற்றிக்கு வைக்கிற மாதிரி, பெரிதாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வைத்தாள். நாம் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று சுண்டல் தின்றுகொண்டு பார்த்தோம்.

அதற்கப்புறம்தான் வண்டிக்கு அந்த நோய் வந்தது. வீட்டில் ஓடும், ரோட்டில் நிற்கும்.

ஷெட்டில் வைத்து ஸ்டார்ட் பண்ணினால் தையல் மெஷின் மாதிரி ஓடும். மேலே டீ டம்ளரை வைத்தால் ஒரு சொட்டு சிந்தாது. கேட்டைத் தாண்டி, அம்பத்தூர் பக்கம் கொஞ்ச தூரம் போனதும் இருமும். இன்னும் கொஞ்சம் போனால் பின்னாலிருந்து பம்பு கொசு மாதிரி கத்தும். அப்புறம் நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி கிளம்பும். பங்கில் பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பினால் மட்டும் ரொம்ப தூரம் போகும். அதனால் அந்த ஒரு பங்கில் போடும் பெட்ரோல்தான் சுத்தம் என்று நான் ஊர் முழுக்கச் சிபாரிசு செய்தேன்.

நாம் எதைத்தான் விட்டோம்? ஃபில்டரை மாற்றினோம். பம்பை மாற்றினோம். இப்போது வருகிற பெட்ரோலில் பழைய ரப்பர் ஊறிப்போகிறது என்று எவனோ சொல்ல, குழாய் எல்லாவற்றையும் மாற்றினோம். நாலு இன்ஜெக்டரையும் பிடுங்கி, கஸ்தூரியின் ஊறுகாய் பாட்டில் நாலைக் கழுவி வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மூக்கை விட்டு, பெட்ரோலைப் பீச்ச வைத்துப் பார்த்தோம். நாலு பாட்டிலிலும் சரிசமமாக ஏறியது. குடை விரித்த மாதிரி அழகாகப் பீச்சியது. எத்தனை தடவை செய்தாலும் அதே. 

"ஊறுகாய்க்கு நான் எங்க போறது?" என்று அவள் சமையலறையிலிருந்து கத்துவாள். "இனிமே இதுல மாங்கா போட்டா பெட்ரோல் நாத்தம் அடிக்கும். சோத்துக்கு ஊத்திகினு துன்னுங்க ரெண்டு பேரும்!"

"தங்கச்சி, ஊட்ல இன்னா பரிசோதனை நடக்குது தெரியுமா? ஜெர்மன்காரன் கண்டா கை எடுத்துக் கும்புடுவான்" என்று நான் சொல்ல வேண்டியதை அன்றைக்கு நீயே சொன்னாய். என்னோடு பழகிப் பழகி உனக்கும் தொற்றிக்கொண்டது.

ஷெட்டில் வைத்துச் சோதித்தால் ஏன் எல்லாமே சரியாக இருந்தது என்று இப்போது புரிகிறது. பெட்ரோல் முள் வேலை செய்யாது அல்லவா? அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் மூடியைத் திறந்து, குச்சி விட்டு, அளவு பார்ப்போம். அதற்கப்புறம்தான் சாவியைப் போடுவோம். சோதனைக்கு முன்னால் நோயாளியின் வாயை நாமே திறந்துவிட்டு, நோய் எங்கே என்று தேடியிருக்கிறோம் மச்சான். இரு, அவசரப்படாதே, வரிசையாகச் சொல்கிறேன்.

பைபாஸ் மேம்பாலத்து மேலே மாட்டிக்கொண்டோமே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கிறது. மதியம், பேய் மழை. பாலத்து உச்சியில் நின்றுவிட்டது. என் பக்கம் கதவைத் திறந்தால் லாரி அடித்துவிடும். உன் பக்கம் கைப்பிடிச் சுவரில் ஒட்டி நிற்கிறது, திறக்க வழியில்லை. கண்ணாடி மூன்று விரல் அளவுக்கு மேல் இறங்காது. உள்ளே புழுக்கம், வெளியே வரிசையாக லாரிகள் ஆரன் அடித்துக்கொண்டு. மூன்று லாரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சறுக்கி, நம்ம வண்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது.

"போன தடவ சொல்லக்குள்ள ஒரு லாரிதான இருந்திச்சி?" என்பாய்.

ஒன்றோ மூன்றோ, பயந்தது நிஜம். போலீஸ்காரர் ஒருத்தர் கண்ணாடியைத் தட்டினார். "இன்னா பெரிசு, பாலத்து மேல பிக்னிக்கா?" நீ அந்த மூன்று விரல் இடுக்கு வழியாக வாயை வைத்து, "வண்டி ரெஸ்ட் எடுக்குது சார்" என்றாய். மனுஷன் சிரித்துவிட்டார். அவர் போனதும் நீ மட்டும் சிரிக்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே, "எம்மாம் பெரிய பீரங்கி வண்டியெல்லாம் இந்தக் கையால ஓட வெச்சேன் மாப்ளே. இத்த முடியலயே" என்றாய். உன் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. நான் உடனே, "மச்சான், இது சாபம். மந்திரி வண்டி" என்றேன். "மேனேஜர்" என்றாய். அப்புறம்தான் சிரித்தாய். சாவியைத் திருப்பினேன், கிளம்பிவிட்டது.

உன் கடைசி ஓட்டமும் இந்த வண்டியில்தான் என்று யார் கண்டது? அன்றைக்கும் சோதனை ஓட்டம்தான். பம்புக்குக் கரண்ட் விடுகிற ரிலேயைப் புதிதாகப் போட்டிருந்தோம், இதுதான் முடிவான மருந்து என்று இருவரும் சத்தியம் செய்திருந்தோம். அம்பத்தூர் எஸ்டேட் ரோட்டில் போகும்போது நீ, "மாப்ளே, தோள் பட்டை வலிக்குது" என்றாய். ஸ்க்ரூடிரைவர் பிடித்து வந்த வலி என்றேன். உன் முகத்தைப் பார்த்ததும் ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். மிதித்த மிதியில் ரோடு குழியாகியிருக்கும். இருமியது. பம்பு கத்தியது. நின்றுவிட்டது. சாவியைத் திருகித் திருகி என் கை சிவந்தது. நீ என் தொடையில் தட்டி, "பொறு மாப்ளே, அதும் கோவம் தணியட்டும்" என்றாய். அந்த நிலைமையிலும் அதையேதான் சொன்னாய். ஆட்டோ பிடித்து உன்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். சாயங்காலம் நீ இல்லை.

கஸ்தூரி அழுது முடித்துக் கேட்ட முதல் கேள்வி அதுதான். "வண்டி நிக்காம போயிருந்தா எங்கண்ணன் பொழச்சிருக்குமா?"

"சேச்சே. பெரிய டாக்டர் என் தோளில் கை வைத்துச் சொன்னார், பறக்கிற விமானத்தில் கொண்டுவந்திருந்தாலும் இதே கதைதான் என்று" என்றேன்.

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை மச்சான். அவர் என் தோளில் கையும் வைக்கவில்லை, வாயும் திறக்கவில்லை. கேட்க எனக்கும் தைரியம் இல்லை. ஆனால் அவள் அதை நம்பினாள். நான் இத்தனை வருஷம் அவிழ்த்துவிட்ட கதைகளில் அவள் நம்பியது அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் வண்டி ஷெட்டை விட்டு வெளியே போகவில்லை. போகவும் முடியாது என்று ஆகிவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, நம்ம தெருவில் ரோடு போட வரும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுவிட்டுப் போவார்கள். வீடு அப்படியே கிணற்றுக்குள் இறங்கின மாதிரி ஆகிவிட்டது. ரோட்டில் போகிறவர்கள் கால் நம்ம ஜன்னலில் தெரியும். நீ போன பிறகு இன்னும் ஒரு தடவை போட்டார்கள். இரண்டு பக்கமும் அடுக்கு மாடி வந்து, ஷெட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறும் சரிவு இரண்டு மதில் சுவர்களுக்கு நடுவில் ஒரு சந்து ஆகிவிட்டது. வண்டி நுழைந்தால் கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையாது. உச்சி வெயில் தவிர வேறு வெயில் ஷெட்டுக்குள் வராது. வண்டியும் நானும் அந்தப் பள்ளத்தில் கிடந்தோம். கஸ்தூரி மட்டும் வெள்ளிக்கிழமை வந்து மூடிக்குப் பொட்டு வைத்துவிட்டு, அதில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். உன் கையால் ஆனதில் அவளிடம் மிச்சம் இருந்தது அந்தப் பித்தளை மூடிதான்.

தினேஷ் வீட்டை பில்டருக்குக் கொடுத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. மழை வந்தால் அம்மா முழங்கால் தண்ணீரில் நின்று சமைக்கிறாளே என்று அவனுக்குத் தாங்கவில்லை. திங்கட்கிழமை இடிக்க வருகிறார்கள் என்றான். வண்டி?

"அப்பா, கிரேன்காரன் பாத்துட்டுப் போயிட்டான்பா. மேல கரண்ட் கம்பி போவுது, சந்துல வரவும் முடியாதுன்றான். தள்ளிப் பாத்தோம், ஏறல. காயலான் கடைக்காரர் ஞாயித்துக்கெழம வந்து இங்கயே அறுத்து, பீஸ் பீஸா எடுத்துக்குனு போறேன்றாரு."

அறுப்பதாம்! நீ உட்கார்ந்த சீட்டை! அதைக் கேட்டு உன் தங்கச்சி உள்ளே போய்ச் சமையலறையில் சும்மா பாத்திரத்தைக் கழுவினாள். கழுவினதையே திரும்பக் கழுவினாள்.

"வெள்ளிக்கிழமை நானே ஓட்டி மேலே ஏற்றுவேன். இந்த இன்ஜெக்சன் பற்றித் தெரிந்தவன் நான் ஒருத்தன் உயிரோடு இருக்கும்போது எவன் அறுப்பான்?" என்று தெருவே கேட்கிற மாதிரி சொன்னேன். சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போய் உன் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்து இன்ஜெக்டர் ஒவ்வொன்றையும் கேட்டேன். எல்லாம் ஸ்ஸ் என்று ஒழுங்காகத்தான் பேசின. எங்கே நோய் என்று ஒன்றும் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

வியாழக்கிழமையே புது பெட்ரோல் ஊற்றி, பாட்டரி மாற்றி, ஓட விட்டேன். வெள்ளிக்கிழமை காலையிலும் நன்றாகச் சூடு ஏறட்டும் என்று ரொம்ப நேரம் ஓட விட்டேன். தையல் மெஷின்! முதல் கியர் போட்டு சரிவில் ஏற்றினேன். மூக்கு மேலே தூக்கியது, இரண்டு பக்கமும் சுவர் வந்தது. பாதி ஏறினதும் இருமியது. பம்பு கத்தியது. நின்றுவிட்டது.

கை பிரேக்கை இழுத்தேன். அது பாதிதான் பிடிக்கும். காலால் மிதித்துக்கொண்டேன். கதவு திறக்காது, சுவர். அந்தப் பக்கக் கதவும் சுவர். கண்ணாடி அதே மூன்று விரல் இடுக்கு. மேலே ரோட்டில் தினேஷ், கீழே வண்டிக்குப் பின்னால் கஸ்தூரி. காலை எடுத்தால் வண்டி பின்னால் போகும். சாவியைத் திருப்பத் திருப்ப பம்பு கொசு மாதிரி கத்துகிறதே தவிர, பிடிக்கவில்லை. பிரேக்கை இன்னும் அழுத்தி மிதித்தேன். பாலத்து மேலே நீ இருந்தாய். இங்கே நான் ஒருத்தன். என்ன கதை விடுவது, யாரிடம் விடுவது? சுவர் காருக்குள்ளேயே நுழைந்த மாதிரி இருந்தது.

"அப்பா, முன் கண்ணாடிய ஒடச்சிடறேன், வெளிய வந்துடு!"

"ஒடச்சே, உன்ன ஒடச்சிடுவேன்! அம்மாவ நகரச் சொல்டா!"

"நான் நகர மாட்டேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "நீங்க ரெண்டு பேரும் சும்மா கெடங்க. இன்னிக்கி வெள்ளிக்கெழம, வண்டிக்கு இன்னும் பொட்டு வெக்கல. அதான் மொறண்டு புடிக்குது."

"கஸ்தூரி, பின்னால நிக்காத. பிரேக் புடிக்கல."

"பின்னால இல்ல, சைடுல கீறேன். எங்கண்ணன் வண்டி என்ன ஏத்திடுமா? காலை மட்டும் எடுக்காதீங்க."

வண்டியின் பின்பாதி இன்னும் ஷெட்டுக்குள் இருந்ததால் அவளால் பக்கவாட்டில் நிற்க முடிந்தது. தகட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. "தே, எம்மாம் சேந்து போச்சி பாரு. செமண்டு மாதிரி கீது. பழச சொரண்டிட்டு புதுசா வெக்கறேன்" என்று தனக்குத்தானே பேசினாள். தலையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்திருக்கிறாள். கரக் கரக் என்று சுரண்டுவது என் சீட்டு வரைக்கும் கேட்டது.

அப்போது வந்தது மச்சான், அந்தச் சத்தம். புஸ்ஸ்ஸ்ஸ் என்று. குக்கர் விசில் அடங்குகிற மாதிரி, நீளமாக. டயர் போச்சு என்று நினைத்தேன். தானாகவே கை சாவியைத் திருப்பியது. பம்பு கத்தவில்லை. பழைய நாளில் மாதிரி அடக்கமாக ஹும் என்றது. அடுத்த திருப்பில் பிடித்துக்கொண்டது. நான் யோசிக்கவில்லை. மிதித்தேன். சுவர் இரண்டும் பின்னால் ஓடின. வெளிச்சம் முகத்தில் அடித்தது. நான் ரோட்டில் இருந்தேன்.

தெருவே கூடிவிட்டது. கஸ்தூரி, குழைத்த சந்தனம் கையில் அப்படியே இருக்க, சரிவில் ஓடி வந்தாள். பொட்டு வைக்கக்கூட நேரமில்லை. "பாத்தீங்களா? நான் கை வெச்சதும் பெருமூச்சு உட்டுச்சி. என் காதால கேட்டேன். எங்கண்ணன்தான் பின்னாலேந்து தள்ளிச்சி" என்று அழுதாள். நீ போனதற்கு அப்புறம் அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்க்கவில்லை.

நான் இறங்கிப் பின்னால் போனேன். தகடு திறந்தே இருந்தது. உன் பித்தளை மூடியில் ஊசிக் கீறல்கள். நடுவில் அந்த ஓட்டை, சுத்தமாக, கண் திறந்த மாதிரி. சுற்றிலும் உதிர்ந்த சந்தனம், வருஷக் கணக்கில் அடுக்கடுக்காகக் காய்ந்தது.

எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. ஓட்டையைச் சந்தனம் அடைத்துவிட்டது. காற்று உள்ளே வராததால் டேங்க் பெட்ரோலை உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டது. பம்பு இழுத்து இழுத்துப் பார்த்துக் கத்தியிருக்கிறது. ரோட்டில் உட்கார்ந்திருந்தால் மெதுவாகக் காற்று கசிந்து உள்ளே போகும், கிளம்பும். பங்கில் மூடியைத் திறந்தால் கிளம்பும். ஷெட்டில் குச்சி விட்டால் கிளம்பும். இன்ஜெக்சனில் ஒரு குற்றமும் இல்லை. முதல் நாளிலிருந்தே இல்லை. நீ சொன்னது சரி, டேங்க் மூச்சு விட வேண்டும். அதை நீயும் மறந்தாய், நானும் மறந்தேன்.

"நானே கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்த வாயைத் திறந்தேன். என் சுபாவம் உனக்குத் தெரியாதா? இப்படி ஒரு கண்டுபிடிப்பு கையில் கிடைத்து நான் சும்மா இருந்திருக்கிறேனா? அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். சொன்னால் அவள் முதலில் எதை நினைப்பாள்? எஸ்டேட் ரோட்டைத்தான் நினைப்பாள். அன்றைக்கும் மூடியில் அவள் வைத்த பொட்டு இருந்தது. டாக்டர் சொன்னதாக நான் சொன்ன கதை அதற்கு முன்னால் நிற்காது.

வாயை மூடிக்கொண்டேன்.

வானகரத்தில் எல்லோரிடமும் இன்ஜெக்சனைப் பிரித்து, தேய்த்து, ஜெர்மனியில் கூடச் செய்யாத வேலை செய்து ஓட வைத்தேன் என்று சொல்லியிருக்கிறேன். வாட்ச்மேன் வாயைப் பிளந்து கேட்டான். கஸ்தூரியிடம் மட்டும், ஆமாம், உன் அண்ணன்தான் தள்ளினான், நானும் பின்னால் ஒரு கை தெரிந்த மாதிரி பார்த்தேன், என்று ஒரு சின்ன ஜரிகை சேர்த்துச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவளை உன் சீட்டில் உட்கார வைத்துப் பூந்தமல்லி வரைக்கும் ஓட்டிப் போய் வருகிறேன். இருமவில்லை, நிற்கவில்லை. எஸ்டேட் ரோடு பக்கம் மட்டும் திருப்ப மாட்டேன். அவளும் திருப்பச் சொல்வதில்லை. மற்ற நாளெல்லாம் இந்தத் தூண்களுக்கு நடுவில்தான் அதுவும் நானும்.

வாழ்க்கையில் ஒரு கதையையும் நான் வாய்க்குள் அடைத்து வைத்ததில்லை. இதை வைத்திருக்கிறேன். அழுத்துகிறது மச்சான். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். இதில் ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை. சரி, பாலத்து மேலே ஒரு லாரிதான்.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. காலையில் குளித்துவிட்டு, கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கி வந்தாள். மூடிக்கு நட்ட நடுவில் வைத்தாள். "அண்ணா, பாத்துக்கோ" என்று கையை வைத்துக்கொண்டு நின்றாள். நானும் பக்கத்தில் நின்றேன். லிஃப்ட் கதவு மூடி, அவள் மேலே போய்ச் சேரும் வரைக்கும் காத்திருந்தேன்.

கொண்டை ஊசி ஒன்று தொலைந்துவிட்டது என்று அவள் இன்னும் வீடெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறாள். அது என் சட்டைப் பையில் இருக்கிறது.